எட்டு பங்கு நல்ல தண்ணீர்

சேர்வராயன் மலையில் மஞ்சவாடிப் பக்கம் பிறக்கிற திருமணிமுத்தாறு, சேலத்துக்குள் வந்ததும் பெயரை இழந்துவிடுகிறது. சுகவனேசுவரர் கோயில் பக்கமாகப் போகும் அந்த ஆற்றை ஊரில் பலரும் சாக்கடை என்றுதான் சொல்கிறார்கள். சாயக்கழிவு கலக்கும் நாட்களில் வெள்ளை நுரை பொங்கும் படம் பேப்பரில் வரும். அப்புறம் நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய், நஞ்சை இடையாறில் காவிரியோடு சேர்கிறது.

இந்த ஆற்றை நினைத்தாலே எனக்கு 1912இல் இங்கிலாந்தில் வந்த ஓர் அறிக்கை ஞாபகம் வருது. அங்கே கழிவுநீரை என்ன செய்வது என்று ஆராய 1898இல் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். அதன் எட்டாவது அறிக்கை அது. கழிவைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து உறிஞ்சிவிடும், மீன் மூச்சுமுட்டிச் சாகும். எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை ஐந்து நாள் வைத்து அளந்தார்கள். அதுதான் பி.ஓ.டி. சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றது கமிஷன்.

உலகம் முழுக்க எடுத்துக்கொண்டது இந்த 20ஐத்தான். அதற்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு பங்கு கழிவுநீருக்கு ஆற்றில் எட்டு பங்கு நல்ல தண்ணீர் ஓடணும். கணக்கு எளிது. நல்ல ஆற்றின் அளவு 2 என்று வைத்தால், எட்டு பங்குக்கு 16, கழிவுக்கு 20, மொத்தம் 36. ஒன்பதால் வகுத்தால் 4. அதற்குமேல் போனால் ஆறு நாறத் தொடங்கும் என்று கணித்திருந்தார்கள். டெவலப்பர் பாஷையில் சொன்னால், 20 என்பது வெறும் அவுட்புட். எட்டு பங்கு ஆறு என்பது டிபென்டன்சி.

இரண்டு வருடம் கழித்து, 1914இல், மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் அந்த 20ஐ எட்ட நல்ல வழி கண்டுபிடித்தார்கள். கழிவுநீரில் காற்றை ஊதி, அடியில் தங்கும் சேற்றைக் கொட்டாமல் அடுத்த தடவைக்கு வைத்துக்கொண்டார்கள். நம் வீட்டில் உறைமோர் எடுத்து வைப்பதில்லையா, அதேதான். முதல் தடவை ஐந்து வாரம் பிடித்த வேலை, சேறு சேரச் சேர ஒரு நாளுக்குள் முடிந்தது. இன்றைக்கும் பெரும்பாலான சுத்திகரிப்பு நிலையங்களின் அடிப்படை இதுதான்.

சேலத்துக்கு 1866இலேயே நகராட்சி வந்துவிட்டது. 1934இல் மேட்டூர் அணை வந்தது, பிறகு காவிரித் தண்ணீர் குழாயில் ஏறி ஊருக்குள் வந்தது. பாதாள சாக்கடை வேலையோ இந்த நூற்றாண்டில்தான் தொடங்கியது. லண்டனிலும் குழாய்த் தண்ணீர்தான் முதலில் வந்தது. 1858 கோடையில் தேம்ஸ் நாறி, பாராளுமன்றத்தில் உட்கார முடியாமல் போன பிறகே பெரிய சாக்கடைக் குழாய்களுக்குப் பணம் ஒதுக்கினார்கள். மூக்குக்கு எட்டுகிற தூரத்தில் அதிகாரம் இருந்தால் வேலை நடக்கும்போல.

ஆக, கோடையில் திருமணிமுத்தாற்றில் ஓடுவது பெரும்பாலும் மேட்டூரிலிருந்து வந்து, நம் சமையலறையிலும் குளியலறையிலும் புழங்கிய தண்ணீர்தான். மறுபடி காவிரிக்கே போகிறது. கீழே கரூரும் திருச்சியும் அந்தக் காவிரியைக் குடிக்கின்றன.

2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுத்திகரித்த நீரின் வரம்பை 10ஆக இறுக்கியது. குளிக்கத் தகுந்த ஆறு என்றால் 3க்கு மேல் போகக்கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அப்படியானால், நிலையம் ஒரு நாள்கூட நிற்காமல், ஒரு வீட்டு இணைப்பும் விடுபடாமல், சட்டப்படி எல்லாம் சரியாக நடந்தாலும், கலக்க வேறு தண்ணீர் இல்லாத ஆறு குளிக்க உதவாது. சேலத்தில் சுத்திகரிப்பு நிலையம் ஆற்றுக்குக் காவல் மட்டுமில்லை, வருடத்தில் பாதி நாள் அதுதான் ஊற்று. அதை 10க்கு என்று கட்டுவதா 3க்கு என்று கட்டுவதா என்பதைத்தான் நாம் கேட்கணும்.

ஐப்பசியில் சேர்வராயனில் விடாமல் மழை அடித்தால் மட்டும் கணக்கு மாறுது. கலங்கலாகச் செம்மண் நிறத்தில் வருகிற அந்த வெள்ளம்தான் கமிஷன் கேட்ட எட்டு பங்கு. மழை விட்டதும் வடிந்துவிடுகிறது.