கானோவும் அவர்தம் ஆசிரியர் மூவரும்

1877ஆம் ஆண்டிலே தோக்கியோ நகரத் தெருக்களில் ஓர் இளைஞன், வீட்டு வாயில்களிற் தொங்கிய பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு அலைந்தான். அவன் தேடியது முறிவு வைத்தியர்களின் வீடுகளை. ஆயின் அவனுக்குக் கையும் முறியவில்லை, காலும் நெரியவில்லை. வைத்தியரைக் கண்டதும் அவன் வினவியது, அவருக்கு யுயுற்சு என்னும் பழைய மற்கலை தெரியுமா என்பதையே. அவ்வாண்டிலே தோன்றிய தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் மாணாக்கருள் அவனும் ஒருவன். ஆங்கில நூல்களைப் பயின்று அரசியலும் பொருளியலும் கற்கவேண்டிய அவன், வழக்கொழிந்துகொண்டிருந்த ஒரு கலையைத் தேடித் தெருத்தெருவாகத் திரிந்தமை அவனுடைய தோழர்க்கு விந்தையாகவே தோன்றியிருக்கும். அவ்விளைஞனே பிற்காலத்தில் யூடோ என்னும் கலையை உலகுக்கு அளித்த ஜிகொரோ கானோ.

மற்கலையை முறிவு வைத்தியரிடம் தேடுவானேன் என்னும் ஐயம் எழுதல் இயல்பு. 1868ஆம் ஆண்டிலே யப்பானில் ஷோகுன்களின் ஆட்சி வீழ்ந்து, அதிகாரம் பேரரசர் பெயரால் நடைபெறும் புதிய அரசின் கைக்கு மாறியது. சாமுராய் என்னும் போர்வீரர் குலத்துக்குப் பரம்பரையாகக் கிடைத்துவந்த மானியங்கள் நின்றன. 1876ஆம் ஆண்டிலே வாள் தரித்து வெளியே செல்வதும் விலக்கப்பட்டது. மேல்நாட்டுத் துப்பாக்கியும் மேல்நாட்டுச் சட்டையும் வந்தபின், வெறுங்கையாற் பகைவனைப் பிடித்து வீழ்த்தும் கலைக்கு மதிப்பேது? அதைக் கற்பித்து வாழ்ந்த ஆசிரியர்கள் பிழைப்புக்கு வழியின்றித் தவித்தனர். மூட்டு எவ்வாறு விலகும் என்பதை அறிந்தவனுக்கு அதனைத் திரும்பப் பொருத்தவும் தெரியும் அன்றோ? ஆதலால் அவர்களுட் பலர் முறிவு வைத்தியத்தைத் தொழிலாக்கிக்கொண்டனர். கானோ பெயர்ப்பலகைகளை நோக்கி நடந்ததன் காரணம் இதுவே.

அவர் 1860ஆம் ஆண்டிலே, கோபே நகருக்கு அண்மையிலுள்ள மிக்காகே என்னும் கடற்கரை ஊரிலே பிறந்தவர். இளமையிலே தாயை இழந்தார். பின்னர்த் தந்தையுடன் தோக்கியோவுக்கு வந்து சேர்ந்தார். படிப்பிலே முதல்வர், உடலோ சிறிது. முழு வளர்ச்சி அடைந்தபின்னும் அவருடைய உயரம் ஐந்தடி இரண்டங்குலத்தைத் தாண்டவில்லை. விடுதிப் பள்ளியிலே வலிய மாணவர்கள் அவரை அடித்துத் துன்புறுத்தினர். மெலியவன் வலியவனை வெல்லத்தக்க கலையொன்று உண்டென்று வீட்டுக்கு வரும் பெரியவர்கள் சொல்லக் கேட்டார். கற்பிக்குமாறு அவர்களை இரந்தார். காலம் மாறிவிட்டது, இனி அது பயன்படாது என்று ஒவ்வொருவரும் தட்டிக்கழித்தனர். தந்தையாரும் இணங்கவில்லை. ஆண்டுகள் சில இவ்வாறே கழிந்தன.

இறுதியில் யாகி என்னும் முறிவு வைத்தியர் ஒருவர் அவருக்கு வழி காட்டினார். தம் இடம் சிறிது, கற்பித்தல் இயலாது, ஆயின் நண்பர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி, ஹச்சினோசுகே ஃபுக்குடா என்பவரிடம் அனுப்பினார். ஃபுக்குடாவும் முறிவு வைத்தியரே. முன்னைய ஆட்சியிலே படைக்கலப் பயிற்சிக் கழகத்தில் ஆசிரியராயிருந்த அவர், இப்பொழுது சிறியதொரு கூடத்திலே விரல்விட்டு எண்ணத்தக்க மாணாக்கருக்குக் கற்பித்துவந்தார்.

ஃபுக்குடா கற்பித்த முறையைக் கானோ முதுமையிலும் நினைவுகூர்ந்துள்ளார். ஒருநாள் ஆசிரியர் அவரை ஒரு வகையாகத் தூக்கி எறிந்தார். அவ்வெறிதலை எவ்வாறு செய்வது என்று மாணாக்கர் கேட்டார். ஆசிரியர் அருகே வரச்சொல்லி மீண்டும் எறிந்தார். கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது என்று வினவினார். மீண்டும் எறிந்தார். பலமுறை இவ்வாறு விழுந்தெழுந்த பின்னர், கேட்பதனால் வாராது, பலகாற் செய்வதனாலேயே வரும் என்னும் கருத்துப்பட ஒரு சொற் சொல்லி, மறுபடியும் எறிந்தார். பல்கலைக்கழகத்திலே எதற்கும் காரணம் கேட்டுப் பழகிய மாணவனுக்கு இம்முறை எத்துணைக் கசப்பாயிருந்திருக்கும்! எனினும் அவர் விட்டு ஓடவில்லை. உடலெங்கும் காயத்துக்குக் களிம்பு பூசிக்கொண்டு வகுப்புக்குச் சென்றார். அதன் மணத்தைச் சொல்லித் தோழர்கள் நகைத்தனர். அந்நாளில் அவர் அணிந்த பயிற்சிச் சட்டை தோக்கியோவிலே பாதுகாத்து வைக்கப்பட்டுள்ளது. பல இடங்களிற் கிழிந்து தைக்கப்பட்ட சட்டை அது.

ஃபுக்குடாவின் கூடத்திலே பருத்த உடலினரான ஃபுக்குஷிமா என்னும் மாணாக்கர் ஒருவர் இருந்தார். கானோ என்ன செய்தும் அவரை அசைக்க முடியவில்லை. சூமோ மல்லர் ஒருவரிடம் சென்று உபாயம் கேட்டார், அதுவும் பலிக்கவில்லை. பின்னர் நூல்நிலையத்தை நாடி, மேல்நாட்டு மற்போர் பற்றிய நூல்களைப் புரட்டினார். எதிரியின் கால்களுக்கிடையே கை கொடுத்து, அவனைத் தோள்மீது ஏற்றிச் சுழற்றி எறியும் முறையொன்று அங்கே கிடைத்தது. மறைவாகப் பழகிக்கொண்டு வந்து ஒருநாள் ஃபுக்குஷிமாவை வீழ்த்தினார். தோட்சக்கரம் என்னும் பொருள்படும் கத்தா குருமா என்று அவ்வெறிதல் இன்றும் யூடோவில் வழங்குகின்றது. பழைய கலையைக் கற்கப் புகுந்தவர் புதிய நூலைத் திறந்தமை கருதத்தக்கது. உடலால் அறியவேண்டுமென்று ஃபுக்குடா வற்புறுத்தினார். அறிவாலும் தேடவேண்டுமென்பதை மாணாக்கர் தாமே சேர்த்துக்கொண்டார்.

1879ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் முன்னாட் சனாதிபதி கிராண்ட் யப்பானுக்கு வந்தார். செல்வரான எய்இச்சி ஷிபுசாவாவின் இல்லத்திலே அவர் முன்னிலையில் யுயுற்சு செய்துகாட்ட அழைக்கப்பட்டவருள் ஃபுக்குடாவும் பதினெட்டு வயதுக் கானோவும் இருந்தனர். அதன்பின் சிறிது காலத்துள் ஃபுக்குடா ஐம்பத்திரண்டாம் வயதிலே காலமானார். கலையின் இரகசியங்கள் எழுதப்பட்ட சுருள்களைக் குடும்பத்தார் கானோவிடம் கொடுத்து, கூடத்தையும் அவரே நடத்தவேண்டுமென்றனர். இரண்டாண்டு பயின்ற மாணவனிடத்தில் ஒரு கூடம் ஒப்படைக்கப்பட்டது என்றால், அக்கலைக்கு வேறு வாரிசு கிடைப்பது எத்துணை அரிதாயிருந்தது என்பது விளங்கும்.

தாம் இன்னும் ஆசிரியராகும் தகுதி பெறவில்லையென்பதைக் கானோ நன்குணர்ந்திருந்தார். ஆதலால் அதே மரபின் தலைவராகிய மசத்தோமோ ஈசோவிடம் சென்று சேர்ந்தார். ஈசோ அறுபது வயதைக் கடந்தவர். இளைஞரோடு கட்டிப் புரளும் வயதன்று. கத்தா எனப்படும் ஒழுங்குமுறைப் பயிற்சிகளிலே அவருக்கிருந்த திருத்தம் கானோவை வியக்கவைத்தது. கட்டற்ற பயிற்சியை, அதாவது ரந்தோரியை, ஃபுக்குடாவிடம் கற்றவர், அதற்கு இலக்கணமாகிய கத்தாவை ஈசோவிடம் கற்றார். மாலையிலே தொடங்கும் பயிற்சி முடிய இரவு நெடுநேரமாகும். வீடு திரும்பும் வழியிற் களைப்பினால் தடுமாறி விழுந்ததும் உண்டு. ஆயின் 1881ஆம் ஆண்டிலே ஈசோவும் மறைந்தார். இரண்டாம் முறையாகவும் கானோ ஆசிரியரற்றவரானார்.

மூன்றாவது ஆசிரியர் சுனெத்தோஷி இயிக்குபோ. அவர் கித்தோ மரபினர். முன்னை இருவரின் மரபிலே பிடித்தலும் நெரித்தலும் மிகுதி. கித்தோ மரபிலோ எறிதலே தலைமையானது. இயிக்குபோவின் எறிதற் கூர்மைக்கு முன்னே கானோவால் நெடுங்காலம் நிற்க இயலவில்லை.

1882ஆம் ஆண்டிலே கானோ தமக்கெனக் கூடமொன்றை நிறுவினார். தோக்கியோவின் ஷிதாயாப் பகுதியிலுள்ள எய்ஷோஜி என்னும் பௌத்த கோயிலிலே பன்னிரண்டு பாய் விரிக்கத்தக்க இடம் கிடைத்தது. முதலாண்டு மாணாக்கர் ஒன்பதின்மர். அதற்குக் கோதோக்கான், நெறியைப் பயிலும் இல்லம், என்று பெயரிட்டார். கலைக்கும் யூடோ என்னும் பெயரை வழங்கினார். அச்சொல் முற்றிலும் புதிதன்று. பழைய மரபொன்றிலும் வழங்கியதே. உபாயம் என்னும் பொருளுடைய சொல்லை விடுத்து, நெறி என்னும் பொருளுடைய சொல்லைத் தெரிந்தெடுத்ததில் அவருடைய உள்ளக்கிடக்கை புலனாகும். எறியுந்தோறும் கோயிற் கூடம் அதிர்ந்து, இறந்தோர் பெயர் பொறித்த பலகைகள் மாடங்களிற் குலுங்கின; துறவியார் முறையிட்டார். தரையின் அடியிலே உடைந்த மரங்களை, இரவிற் கானோவே தரைக்குக் கீழே தவழ்ந்து புகுந்து திருத்துவார். மாணாக்கரிடம் அவர் கட்டணம் வாங்கவில்லை. பகலிற் கல்லூரி ஆசிரியப் பணியாலும், இரவில் மொழிபெயர்ப்பாலும் வந்த ஊதியமே கூடத்தைத் தாங்கியது.

அக்கூடத்துக்கு இயிக்குபோவும் கிழமைக்கு இரண்டு மூன்று நாட்கள் வந்து கற்பித்தார். ஒருநாள் வழக்கம்போல் இருவரும் கைகோத்தனர். அன்று கானோவின் எறிதல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பலித்தன. ஆசிரியரின் எறிதலோ ஒன்றேனும் பலிக்கவில்லை. எழுந்த ஆசிரியர், இஃது எவ்வாறு நிகழ்ந்தது என வினவினார்.

கானோ தாம் கண்டதை விளக்கினார். மனிதன் இரு கால்களில் நிற்பவன். அவனைத் தள்ளினால் ஒன்று பின்னே அடிவைப்பான். அன்றேல் பின்னே சாய்வான். இழுத்தால் முன்னே வருவான். அவன் உடற்பாரம் நிலைபெறாது அசையும் கணம் ஒன்று உண்டு. அக்கணத்திலே பெருவலிமை வேண்டா. சிறு விசையே போதும். எறிவதற்கு முன்னே எதிரியின் நிலையைக் குலைக்கவேண்டும். இதனைக் குசுஷி என்றார் கானோ. முன், பின், வலம், இடம், மூலைகள் நான்கு என எட்டுத் திசைகளிலும் நிலை குலையும் வகையை அவர் ஆராய்ந்து வைத்திருந்தார். பழைய ஆசிரியர்கள் இதனை அறியாதவரல்லர். அவர்தம் கைகள் அறிந்திருந்தன. அதனைப் பிறர்க்கு எடுத்துரைக்கத்தக்க விதியாக்கியவர் கானோ.

மாணாக்கனால் வீழ்த்தப்பட்ட ஆசிரியர் சினங்கொள்ளலாம். தமக்கு அன்று உடல்நலமில்லை என்று ஒதுக்கலாம். இயிக்குபோ அவ்வாறு செய்யவில்லை. கானோ கூறியது மெய்யே என்றும், இனி அவருக்குத் தாம் கற்பிக்கத்தக்கது ஒன்றுமில்லை, இளைஞரோடு சேர்ந்து ஆராய்ச்சியைத் தொடர்க என்றும் கூறி, அன்றுமுதல் அவருடன் கட்டற்ற பயிற்சி செய்வதை நிறுத்திக்கொண்டார். தம் மரபின் உரிமைப் பத்திரத்தையும், தம்மிடமிருந்த நூல்களையும் கையளித்தார். யூடோவின் வரலாற்றிலே பேசப்படும் வெற்றிகள் பல. அவற்றுள் எதனிலும் இத்தோல்வி பெரிது எனல் மிகையாகாது.

கானோ ஆசிரியராய் விளங்கிய விதத்தையும் ஒரு சிறிது நோக்கவேண்டும். உறுப்புக்குக் கேடு விளைக்கும் அடிகளையும் பிடிகளையும் கட்டற்ற பயிற்சியினின்று நீக்கி, ஒழுங்குமுறைப் பயிற்சியில் மட்டும் வைத்தார். ஆதலால் மாணாக்கன் அச்சமின்றித் தன் முழு ஆற்றலையும் காட்டிப் பழக முடிந்தது. விழும் முறையும் அவனுக்குச் செம்மையாகக் கற்பிக்கப்பட்டது. 1889ஆம் ஆண்டிலே கல்வியாளர் முன்னிலையில் ஆற்றிய உரையில், யூடோவை உடற்பயிற்சியாகவும், போட்டிக் கலையாகவும், ஒழுக்கப் பயிற்சியாகவும் மூவகையால் விளக்கினார். உடலுறுப்புக்கள் யாவும் ஒருசேர வளரவேண்டும், பயிற்சி சுவையுடையதாயும் இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. பள்ளிகளில் நடந்த வெறுங்கையசைப்புத் தேகப்பயிற்சி மாணவர்க்குச் சலிப்பூட்டியதை, ஆசிரியத் தொழிலிலிருந்த அவர் நேரிற் கண்டவர். 1893ஆம் ஆண்டு முதற் பெண்களுக்கும் கற்பித்தார்.

ஆயின் அவருடைய மாணாக்கர் யாவரும் அவர் வழியே நின்றுவிடவில்லை. தொடக்க மாணாக்கருட் புகழ்மிக்கவர் ஷிரோ சைகோ. உருவிற் சிறியராயினும் எறிதலில் இணையற்றவர். 1889இற் கானோ ஐரோப்பா சென்றபோது, கூடத்தைக் காக்கும் பொறுப்பு அவருக்கும் இருந்தது. 1890இல் ஆசிரியர் திரும்புவதற்கு முன்னரே சைகோ கோதோக்கானை விட்டு நீங்கினார். நாகசாக்கியிலே பத்திரிகைத் தொழிலில் ஈடுபட்டார். தம் கையால் வளர்த்த முதன்மை மாணாக்கனை இழந்தமை கானோவுக்குச் சிறு இழப்பன்று. 1922ஆம் ஆண்டிற் சைகோ இறந்தபொழுது, கானோ அவருக்கு ஆறாம் தான் என்னும் உயர்தரத்தை வழங்கினார். பிரிந்து முப்பதாண்டு கழிந்த பின்னும் ஆசிரியரின் பதிவேட்டிலே அவர் பெயர் அழியவில்லை.

1909ஆம் ஆண்டிற் கானோ சர்வதேச ஒலிம்பிக் குழுவிலே ஆசியாவின் முதல் உறுப்பினரானார். 1912இல் ஸ்டொக்ஹோம் நகருக்கு யப்பானின் முதல் வீரர் இருவரை அழைத்துச் சென்றார். 1938 மே 4ஆம் நாள், கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் கூட்டத்துக்குச் சென்று திரும்புகையிற் கப்பலிலேயே உயிர் நீத்தார். யூடோ ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றது 1964இல், தோக்கியோவிலே.

முதுமையிலும் கானோ பிறர்முன் தாமே செய்துகாட்டிய ஒழுங்குமுறைப் பயிற்சி ஒன்றுண்டு. கொஷிக்கி, அதாவது தொன்முறை, என்பது அதன் பெயர். கவசம் தரித்த இரு வீரர் பொருதுவதாகக் கருதி அமைந்த மெதுவான அசைவுகள் அவை. கவசம் அணிந்த காலம் என்றோ போயிற்று. பழையன பலவற்றைத் துணிந்து மாற்றிய கானோ, இயிக்குபோவிடம் கற்ற இதனை மட்டும் ஏறத்தாழ அவ்வாறே வைத்துக்கொண்டார். அவர் அதனைச் செய்யும் காட்சி ஓடும் படமாகவும் எடுக்கப்பட்டுள்ளது. சிறிய உருவம், அவசரமில்லாத நடை, எதிரே வருபவரின் பாரம் அசையும் கணம்வரை காத்திருந்து, பின்னர் மெல்லக் கீழே விடுகின்றார்.