ராஜாவை நிறுத்திய சொல்

நம் எல்லோர் வாயிலும் நாளைக்குப் பத்து தடவையாவது வரும் ஆங்கிலச் சொல் 'செக்'. பாங்கில் செக் போடுகிறோம். செக் போட்ட சட்டை வாங்குகிறோம். செக் போஸ்டில் வண்டியை நிறுத்துகிறார்கள். "செக் பண்ணியாச்சா?" என்று கேட்காத ஆபீஸ் கிடையாது. இத்தனைக்கும் ஒரே தாய்வீடு சதுரங்கப் பலகை என்றால் நம்புவீர்களா?

சதுரங்கம் நம் நாட்டிலிருந்து பாரசீகம் போனது. அங்கே எதிராளியின் ராஜாவைத் தாக்கினால் "ஷா!" என்று குரல் கொடுப்பார்கள். ஷா என்றால் அரசர். அந்த ஷாதான் அரபு, லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து தேய்ந்து இங்கிலாந்தில் 'செக்' ஆனது. 'ஷா மாத்', செக்மேட் ஆனது.

செக் வைத்த பிறகு ராஜா இஷ்டத்துக்கு நகர முடியாது. ஆகவே செக் என்றால் முதலில் தடுத்தல், அடக்குதல்தான். செக் வால்வ் தண்ணீரைத் திரும்ப விடாது. செக் டேம் ஓடையின் வேகத்தை அடக்கும்; அதைத் தமிழில் பொருத்தமாகத் தடுப்பணை என்கிறோம். தப்பைத் தடுக்க ஒப்பிட்டுப் பார்ப்பதும் செக் ஆயிற்று. 'சரிபார்த்தல்' என்ற அர்த்தம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

பலகையின் கட்டங்களும் சும்மா இருக்கவில்லை. 12-ம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசின் கணக்கர்கள் 10 அடிக்கு 5 அடி மேஜையில் கட்டம் போட்ட துணியை விரித்து, காய்களை நகர்த்தி வரவு செலவைக் கணக்கிட்டார்கள். அதனால் அந்த இலாகாவுக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. 18-ம் நூற்றாண்டில், மோசடியைத் தடுக்கும் அடிக்கட்டைக்கு செக் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அது பாங்க் செக்குக்கே பெயராகிவிட்டது.

நமக்கோ இந்தச் சொல், டிராயிங்கின் மூலையில் 'செக்ட் பை' என்ற சின்னக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவசரத்தில் ஒரு இனிஷியல், அவ்வளவுதானே?

அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஹயாத் ரீஜென்சி ஹோட்டல். மேலும் கீழுமாக இரண்டு நடைபாலங்கள், கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பிகளில் தொங்குவதாக டிசைன். வேலை சுலபமாகட்டும் என்று ஒவ்வொரு கம்பியையும் இரண்டாக்கினார்கள். கீழ்ப்பாலம் மேல்பாலத்தின் உத்திரத்திலேயே தொங்கியது. கயிற்றில் தொங்குகிறவனின் காலைப் பிடித்து இன்னொருவன் தொங்குவது போல! ஏற்கெனவே பலம் குறைந்த அந்த இணைப்பில் பாரம் இரட்டிப்பானது. யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஒப்புதல் முத்திரை மட்டும் விழுந்தது. 1981 ஜூலை 17 மாலை பாலங்கள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். பொறுப்பான இன்ஜினீயர்கள் லைசென்சை இழந்தார்கள்.

அந்தச் சின்னக் கட்டத்தில் இனிஷியல் போடுகிறவருக்கு, ராஜாவே ஆனாலும் நிறுத்தும் உரிமை உண்டு. கிளையன்ட் அவசரப்படுத்தலாம், மேலதிகாரி முகம் சுளிக்கலாம். "கொஞ்சம் இருங்க சார், இது இடிக்குது" என்று சொல்லத் துணிகிறவர்தான் செக் பண்ணுகிறார். மற்றதெல்லாம் வெறும் கையெழுத்து.