அடுக்களைக் காற்றும் உயிர்வேதி உணரியும்: புதுச்சேரி வட்டாரத்தை முன்வைத்து ஓர் அளவீட்டு வரலாறு

புதுச்சேரி நகரை ஒட்டிய விழுப்புரம் மாவட்டமும் காரைக்காலை ஒட்டிய நாகப்பட்டினம் மாவட்டமும் வீட்டுக்காற்று ஆய்வின் வரலாற்றில் தனியிடம் பெறுகின்றன. கௌதமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 2018இல் தொடங்கிய 'ஹாப்பின்' ஆய்வின் இந்தியக் களங்கள் இவை. சென்னைப் போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் இங்கு ஆய்வை நடத்தியது. விறகு முதலியவற்றால் சமைத்துவந்த கருவுற்ற பெண்கள் 3200 பேர் நான்கு நாடுகளிலும் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பாதியளவினருக்கு எரிவாயு அடுப்பும் 18 மாதங்களுக்கான எரிவாயுவும் விலையின்றி வழங்கப்பட்டன. நுண்துகள் அளக்கும் கருவியைப் பெண்கள் தம் உடையின்மேல், மூச்சு எட்டும் இடத்தில் அணிந்திருந்தனர்.

கருவியை எங்கே வைப்பது என்பது சிறிய வினாவன்று. சமைப்பவள் அடுப்பருகே குனிந்து சுவாசிக்கும் காற்றைச் சுவரிலுள்ள கருவி அறியாது. குஜராத் சிற்றூர்களில் சமைக்கும் பெண்கள்மீதே மாதிரி சேகரிப்பியைப் பொருத்தி கிர்க் ஸ்மித் குழுவினர் 1983இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முன்னோடியாகும்.

கருவியை உடலின்மேல் அணிவிப்பதற்கு நெடுங்காலம் முன்பே, உடலையே கருவியாகக் கொண்ட மரபும் உண்டு. கார்பன் மோனாக்சைடைத் தாமே சுவாசித்த ஜான் ஸ்காட் ஹால்டேன், 1895இல் குருதியின் நிறமாற்றத்தைக் கொண்டு அதன் செறிவைக் கணித்தார். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக அவ்வாயுவைப் பற்றிக்கொள்ளும் ஈமோகுளோபினை இயற்கையின் உயிர்வேதி உணரி எனலாம். செயற்கை உணரிக்கு 1962இல் லேலண்ட் கிளார்க், லயன்ஸ் ஆகியோர் முன்வைத்த நொதி மின்வாய் வழிகாட்டியது. பார்மால்டிகைடை அறியும் நொதி உணரிகள் அதன் வழித்தோன்றல்களே.

ஹாப்பின் முடிவுகள் 2022இல் வெளிவந்தன. எரிவாயு பெற்றோரின் நுண்துகள் வெளிப்பாட்டின் இடைநிலை அளவு கனமீட்டருக்குச் சுமார் 24 மைக்ரோகிராம். பெறாதோருக்குச் சுமார் 71. ஆயினும் குழந்தைகளின் பிறப்பெடையில் புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதனைத் தோல்வி என ஒதுக்குவது அவசரமான முடிவு. கருவுற்றுச் சில வாரங்கள் கடந்த பின்னரே எரிவாயு அடுப்பு வீட்டுக்கு வந்தது. அதற்கு முன் சுவாசித்த புகையை அதனால் நீக்க இயலாது. மேலும், காற்றிலுள்ள துகளின் அளவும் உடலேற்ற நஞ்சின் அளவும் ஒன்றல்ல. உயிர்வேதி அளவீட்டின் தேவை இவ்விடத்தேதான் எழுகிறது.

புதுச்சேரி நகரின் சிக்கல் வேறு. முற்றம் வைத்த பழைய தமிழ் வீடுகளில் புகை வெளியேற வானம் திறந்திருந்தது. இன்றைய அடைத்த அறைகளிலோ கொசுவர்த்தி, ஊதுபத்தி, ஒட்டுப்பலகை அறைகலன் ஆகியவற்றின் ஆவியும் புகையும் தேங்குகின்றன. சந்தையிலுள்ள மலிவான ஒளிச்சிதறல் கருவிகள், கடற்கரை ஈரப்பதத்தில் நீரேறிப் பருத்த துகளையும் மாசாகக் கூட்டிக் காட்டும். நொதி உணரிகளோ வெப்பத்திலும் ஈரத்திலும் விரைவில் செயலிழக்கக்கூடியவை. ஆகவே குளிரூட்டப்பட்ட ஆய்வகத்தில் அளவுதிருத்தம் பெற்ற உணரியை அதே நிலையில் இந்நகரின் வீடுகளில் பொருத்த இயலாது. கோடையிலும் ஐப்பசி மழையிலும் இங்கேயே தனித்தனியே அளவுதிருத்தம் செய்யவேண்டும்.