காகுவானா பெண்ணின் பயணம்

போர்ட்டோ ரிகோ தீவின் நடுமலையில், உத்துவாதோ ஊருக்கு அருகே தனமா ஆற்றை ஒட்டி காகுவானா என்ற மைதானம். அதன் ஓரத்தில் வரிசையாக நட்ட சுண்ணாம்புக் கற்கள். அவற்றுள் ஒன்றில் ஒரு பெண் செதுக்கப்பட்டிருக்கிறாள். தவளையைப் போலக் கால்களை மடக்கி விரித்திருக்கிறாள். காதுகளில் பெரிய வட்ட அணிகள், தலையில் மகுடம். ஆறுகளுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தாயான அத்தபேய் இவளே என்பது பலருடைய கணிப்பு. அந்தத் தெய்வத்தின் பெயர் நமக்குத் தெரிவதே, கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் வந்த ரமோன் பானே என்ற துறவி எழுதிவைத்த குறிப்புகளால்தான்.

சுமார் 700 ஆண்டுகளுக்கு முன், தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்கள் அமைத்த களம் அது. அங்கே ஆடினார்கள், பாடினார்கள், கை படாமல் இடுப்பாலும் தோளாலும் ரப்பர் பந்தை அடித்து விளையாடினார்கள். பின்னர் தீவைக் கைப்பற்றிய ஸ்பானியரை எதிர்த்து 1511இல் அவர்கள் எழுப்பிய கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. சுரங்க வேலையும் அம்மை நோயும் மிச்சமிருந்தோரைத் தின்றன. களம் புதர் மண்டிப்போனது.

1915இல் ஜான் ஆல்டன் மேசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்கே அகழ்ந்தார். அதே காலத்தில் அந்த வட்டார மக்கள் சொன்ன கதைகளையும் விடுகதைகளையும் அவர் திரட்டினார். கல்லையும் சொல்லையும் சேர்த்துத் தேடியதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். பின்னர் ரிகார்தோ அலெக்ரியா அந்த இடத்தை மீட்டெடுக்கப் பாடுபட்டார். 1965இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது.

கல் நின்ற இடத்திலேயே நின்றது. அதிலிருந்த பெண் மட்டும் புறப்பட்டுவிட்டாள். சட்டைகளில், பதக்கங்களில், சுவரோவியங்களில், பச்சை குத்திய தோள்களில் ஏறி நியூயார்க் வரை போனாள். இதை வெறும் கடைச்சரக்கு என்று சிலர் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. தைனோ இனம் அடியோடு அழிந்துவிட்டது என்று பள்ளிப் பாடங்கள் சொல்லிக்கொண்டிருந்த தீவு அது. ஆனால் அங்கே தாய்வழி மரபணுவைச் சோதித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் மூன்று பேரிடம் அமெரிக்கப் பூர்வகுடிகளின் தடம் இருந்தது. பாட்டிக்குப் பாட்டி வழியாக வந்த அந்த உறவுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. இவள் அந்த முகமானாள்.

2005இல் தங்களைத் தைனோ என்று அழைத்துக்கொள்வோர் சிலர் காகுவானா பூங்காவுக்குள் புகுந்து அமர்ந்து போராடினார்கள். முன்னோரின் புனித இடங்களைக் காக்க வேண்டும், அங்கே வழிபடும் உரிமை வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.