மறைந்து நின்ற நோய்

1982-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை, நோயெதிர்ப்பாற்றல் இழந்த நான்கு பச்சிளங் குழந்தைகளைப் பற்றிக் கூறிற்று. எய்ட்ஸ் வளர்ந்தோரின் நோய் என்றே மருத்துவ உலகம் எண்ணியிருந்த காலம் அது. நியூவார்க்கில் ஜேம்ஸ் ஒலெஸ்கேயும் பிராங்க்ஸில் ஆர்யே ரூபின்ஸ்டைனும், குழந்தைகளையும் அது பற்றுமென 1983-இல் எழுதினர், ஐயுற்றோர் பலர்.

இன்றும் அந்நோய் கண்ணுக்குத் தப்புவது எங்ஙனம்? அவசரப் பிரிவில் நாம் காண்பது நுரையீரல் அழற்சி, அல்லது வயிற்றுப்போக்கு. அது தணிந்ததும் குழந்தை வீடு திரும்பும், எச்.ஐ.வி. கிருமியோ உள்ளே மறைந்து நிற்கும். மீண்டும் மீண்டும் வரும் காய்ச்சல், வாயில் ஆறாத வெண்படலம், ஏறாத எடை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தாலன்றி ஐயம் பிறவாது.

18 மாதத்திற்குட்பட்ட சேயின் இரத்தத்தில் தாயின் எதிர்ப்பொருள் கலந்திருக்கக்கூடும். ஆதலின் கிருமியையே தேடும் சோதனை வேண்டும். சிகிச்சையின்றேல் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் 2 வயதிற்குள் மடிவர். சில வாரச் சேய்களுக்கே மருந்து தொடங்கின் மரணம் 76 விழுக்காடு குறையுமெனத் தென்னாப்பிரிக்க ஆய்வொன்று 2008-இல் காட்டிற்று.

மொழி வேறான ஊரில் வாழும் நாம், மருத்துவமனைக்கு விரையும்போது குழந்தையின் பழைய மருந்துச் சீட்டுகளையும் உடன் கொண்டு செல்வோமாக. நாம் சொல்லத் தவறுவதை அவை சொல்லும்.