வெல்லெஸ்லி மாகாணத்து மண்

பட்டர்வொர்த்தை இன்று துறைமுகமாகவும் தொழில் நகராகவுமே பலர் அறிவர். 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராயிருந்தவரின் பெயர் அது. எனினும் கிழக்கிந்தியக் கும்பினியார் 1800இல் கெடா சுல்தானிடமிருந்து இக்கரையைப் பெற்றமைக்குப் பினாங்குத் தீவின் உணவுத் தேவையும் ஒரு காரணமாகும்.

நிலத்தின் இயல்பை ஊர்ப்பெயர்களே உரைக்கும். 'பெர்மாத்தாங்' என்பது பழைய கடற்கரை விட்டுச்சென்ற மணல்மேடு. மலாய் மக்கள் மேட்டில் வீடமைத்து, இடைப்பட்ட களிமண் தாழ்வில் நெல் விளைத்தனர். நீர் எங்கே நிற்கும், எங்கே வடியும் என்றறிந்த குடியிருப்பு அது. இம்மாகாணத்தை நிருவகித்த ஜேம்ஸ் லோ, பினாங்கின் மண்ணையும் வேளாண்மையையும் பற்றி 1836இல் தனிநூலே வெளியிட்டார். அதில் வியப்பில்லை; மண்ணின் தரமே அரசின் வருவாய்.

பின்னர்க் கரும்பு பரவியது. தமிழகத்திலிருந்து சஞ்சிக்கூலிகளாய் வந்தோர் நிபோங் திபால், பத்து காவான் பகுதிகளில் சதுப்பைத் திருத்தினர், கடல்நீரைத் தடுக்கக் கரை எழுப்பினர், கால்வாய் வெட்டினர். நோயும் சாவும் மலிந்தன. 1910இல் அம்முறை ஒழிந்தது. கூலிகள் என்று எழுதி முடிக்கப்படும் அவர்களை, கடற்களியை விளைநிலமாக்கிய வினைஞர் என்பதே பொருந்தும். எளிய வேலையன்று அது. இத்தகைய களியில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து கிடப்பதுண்டு. நீருக்கடியில் அது தீங்கற்றது; மிகுதியாக வடித்துக் காற்றுப்பட விட்டால் கந்தக அமிலமாகிப் பயிரைக் கெடுக்கும். வடிக்காவிடிலோ கரும்பின் வேர் அழுகும்.

கரும்புக்குப்பின் ரப்பர். மரத்தடியில் புல்லொன்றும் இராமல் கொத்துவதே தொடக்கத்தில் ஒழுங்கெனக் கருதப்பட்டது. மழை மேல்மண்ணை அரித்துச் சென்றபின்னரே அவரையினக் கொடிகளை மூடுபயிராகப் படரவிட்டனர். கொத்தியவர் கைக்குக் கூலி உண்டு. போன மண்ணுக்கு ஈடில்லை.

விடுதலைக்குப்பின் மாக் மண்டினிலும் பிறையிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. வட செபராங் பிறையில் நெல்வயல்கள் இன்றும் உள்ளன. மலேசியாவோ அரிசியில் ஒரு பகுதியை இறக்குமதி செய்தே உண்கிறது. காற்றிலுள்ளதைவிட மிகுதியான கரிமத்தை உலகின் மண் தாங்கி நிற்கிறது என்பதால், 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் மாநாட்டின்போது மண்ணின் கரிமத்தைப் பெருக்கும் முயற்சியைப் பிரான்ஸ் முன்வைத்தது. வயலில் இது அத்துணை எளிதன்று. வைக்கோலை எரித்தால் கரிமம் புகையாய்ப் போகும்; நீர் தேங்கிய சேற்றில் புதைத்தால் மீத்தேன் எழும். வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் குறையும். அதற்கு வேண்டிய நாளில் வாய்க்காலில் நீர் வரவேண்டும். அந்நீரைத் தருவது கெடா எல்லையிலோடும் மூடா ஆறு. பினாங்கின் குடிநீரிலும் பெரும்பகுதி அவ்வாற்றினதே.