பிலிகுண்டுலு சொல்லும் கணக்கு

ஆடி மாதத்தில் ஒகேனக்கல்லுக்குக் கிளம்பும் குடும்பங்கள் ஓர் எண்ணை விசாரித்துவிட்டே வண்டி ஏறுகின்றன: பிலிகுண்டுலுவில் இன்றைக்கு விநாடிக்கு எத்தனை ஆயிரம் கனஅடி? எண் கூடினால் பரிசல் ஓடாது, அருவியில் குளிக்கவும் விடமாட்டார்கள். ஆற்றில் இறங்கலாமா என்ற கேள்விக்கு இப்படி எண்ணால் பதில் வருவது காவிரியின் நெடிய வரலாற்றில் மிகச் சமீபத்திய பழக்கம். அந்த எண் குளிப்பவரை மனதில் வைத்துப் பிறந்ததும் இல்லை. காவிரி நடுவர் மன்றம் 1991இல் இடைக்கால ஆணை தந்தபோது மேட்டூருக்கு வந்து சேரும் நீரைக் கணக்கில் எடுத்தது. 2007 இறுதித் தீர்ப்பு, எல்லையில் மத்திய நீர் ஆணையம் அளவெடுக்கும் பிலிகுண்டுலுவை வைத்து ஆண்டுக்கு 192 டிஎம்சி என்றது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை 177.25 ஆக்கியது. இரண்டு மாநிலங்கள் ஒன்றையொன்று நம்பாததால் முக்கியத்துவம் பெற்ற அளவுகோல் அது. விடுமுறைக்கு வந்தவர்கள் அதைக் கைமாற்றாக வாங்கிக்கொண்டோம். பங்கு பிரிப்பவருக்கு வேண்டியது எவ்வளவு வந்தது என்ற மொத்தக் கணக்கு. இடுப்பளவு நீரில் நிற்பவருக்கு வேண்டியதோ, நீர் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்ற செய்தி. முன்னதைப் பின்னதாக நினைத்துக்கொண்டதில்தான் இன்றைய தடுமாற்றம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பழைய வழக்கம் மாற்றத்தைப் பார்த்தது. பரிபாடலின் வையைப் பாடல்கள் கொண்டாடுவது நிறைந்து கிடக்கும் ஆற்றை அன்று, புதிதாக வந்து சேரும் நீரை. புதுப்புனல் வந்த செய்தி கேட்டுத்தான் ஊர் திரண்டு துறைக்குப் போகிறது. காவிரிக்கரையில் அதே மனநிலை ஆடிப்பதினெட்டாக நின்றது. குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் காலம் அது. தஞ்சைக்கோ பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆக, வெயில் காயும் வானத்தின் கீழே ஆறு பெருகிவரும். தலைக்கு மேலே பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது; ஆற்றைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நீர் செம்மண் கலங்கலாகிறதா, நுரையும் சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றனவா, நேற்றுத் தெரிந்த படிக்கட்டு இன்று மூழ்கியிருக்கிறதா என்பவையே அடையாளங்கள். படித்துறையே அளவுகோலாகவும் இருந்தது. பதினெட்டு என்பதற்கே பதினெட்டுப் படியும் மூழ்கும் பெருக்கு என்று விளக்கம் சொல்வோர் உண்டு. அது பின்னால் கட்டிய கதையாகக்கூட இருக்கலாம், ஆனால் படியை எண்ணிப் பார்த்த பழக்கம் இல்லாத இடத்தில் அப்படியொரு கதை கிளம்பாது. முளைப்பாரி கரைத்து, தாலிக்கயிறு மாற்றி, சித்திரான்னம் சாப்பிட்டு, பிள்ளைகள் சப்பரம் இழுத்து முடியும் அந்த நாளில் பெரும்பகுதி கரையிலேயே கழிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். பெருகும் ஆற்றின் ஓரத்தில் உட்கார்ந்து மகிழும் விழா அது.

முன்னோர் ஆற்றை அறிந்திருந்தார்கள், நாம் மறந்துவிட்டோம் என்று இதை வைத்து ஒருவர் சொல்லக்கூடும். அந்த வாதத்துக்கு முதல் மறுப்பு சங்க இலக்கியத்திலேயே கிடைக்கிறது. கழார்த் துறையில் புனல் விழாவில் ஆடிய ஆட்டனத்தியைக் காவிரி இழுத்துக்கொண்டு போனதையும், அவன் காதலி ஆதிமந்தி அவனைத் தேடி அலைந்ததையும் அகநானூற்றில் பரணர் சொல்கிறார். ஆடலில் தேர்ந்தவன், கூடியிருந்ததோ ஊரே, அப்படியும் ஆற்றோடு போனான். ஆற்று விளையாட்டில் நேர்ந்த விபத்தைப் பற்றித் தமிழில் உள்ள மிகப் பழைய பதிவுகளில் ஒன்று அதுதான். 1924 ஜூலையில் கேரளத்தில் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று இன்றும் பேசப்படும் பேய்மழை காவிரியிலும் பெருவெள்ளமாக இறங்கியபோது, படித்துறை அறிவு எதையும் தடுக்கவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரைதான் அந்த அறிவு செல்லும். மலையில் நேற்று பெய்தது என்ன என்று படிக்கட்டு சொல்லாது.

ஆயினும் அந்த அறிவைச் செல்லாக்காசாக்கியது மறதி இல்லை, அணைகள். கிருஷ்ணராஜசாகரும் 1934இல் திறந்த மேட்டூர் அணையும் 1974இல் முடிந்த கபினியும் வெள்ளத்தின் அளவை மட்டும் மாற்றவில்லை, அதன் முகத்தையே மாற்றின. தேங்கிய நீரில் வண்டல் கீழே படிந்துவிடுகிறது. மதகு வழியே வருவது பெரும்பாலும் தெளிந்த நீர். கலங்கல் இல்லை, சருகு இல்லை, நுரையும் அவ்வளவாக இல்லை. அபாயம் வரும்போது ஆறு அழகாகத் தெரிகிறது. ஏற்றமும் இறக்கமும் மழையைப் பொறுத்ததாக இல்லாமல் அதிகாரிகளின் உத்தரவைப் பொறுத்ததாகின. குறுவைக்கு ஜூன் 12இல் மேட்டூரைத் திறப்பது மரபு. 2012 முதல் 2019 வரை ஓராண்டும் அந்த நாளில் திறக்க முடியவில்லை. வறண்ட ஆண்டுகளில் ஆடிப்பெருக்குக்கென்றே கொஞ்சம் தண்ணீர் விட்டதும், படித்துறையில் ஷவர் வைத்துக் குளிக்கச் செய்ததும் நடந்திருக்கின்றன. கல்கி 'பொன்னியின் செல்வ'னை ஆடிப்பெருக்கில், வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கியது 1950இல். மேட்டூர் அணைக்கு அப்போதே பதினாறு வயது; அவர் எழுதிய பெருக்கு அப்போதே பழங்கதை.

இந்த நிலையில் பிலிகுண்டுலு எண்ணை வெறும் அலுவலகச் சடங்கு என்று தள்ளிவிட முடியாது. பரிசல்காரர்களின் ஆட்சேபம் எளிதானதும் இல்லை: பாறையும் சுழலும் எங்கே என்று எங்களுக்குத் தெரியும், எங்கோ எடுத்த கணக்கு எங்கள் பிழைப்பை ஏன் நிறுத்த வேண்டும்? மூங்கில் பின்னி, முன்பு தோல் போர்த்திய அந்த வட்டப் படகு, பாறை தலைகாட்டும் ஆழமில்லாத நீருக்கென்றே அமைந்தது. நீரில் கொஞ்சமே அமிழும். ஒற்றைத் துடுப்பில் சுழன்று திரும்பும். ஆனால் முன்னும் பின்னும் இல்லாத வடிவத்துக்கு வேகம் கூடிய நீரில் திசை பிடித்து நிற்பது கடினம். ஆற்றின் அடியைப் பற்றி அவர்கள் சொல்வது சரிதான். மேலே எந்த மதகு எப்போது உயர்ந்தது என்பது அவர்களுக்கும் கண்ணால் தெரியாது. கர்நாடக அணைகளில் விட்ட நீர் எல்லைக்கு வந்துசேர எடுக்கும் நேரம்தான் நமக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு. அதைத் தருவது, அணையிலும் எல்லையிலும் எடுக்கும் கனஅடி எண் ஒன்றுதான்.

அதே எண் கொள்ளிடத்தில் போதாது. காவிரி தாங்காத வெள்ளத்தை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்புகிறார்கள். ஆர்தர் காட்டன் 1836இல் கட்டத் தொடங்கிய மேலணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்ட் 22இல் உடைந்ததும் அப்படியொரு வெள்ளத்துக்குப் பின்தான். பல மாதம் மணல்வெளியாகக் கிடந்து, ஓரிரு நாளில் கரை தொடும் ஆறு அது. மணல் அள்ளிய குழிகள் நீருக்கடியில் எங்கே இருக்கின்றன என்பதை எந்தக் கனஅடிக் கணக்கும் காட்டாது. குறைவான எண் வரும் நாளில்தான் துணிந்து இறங்குகிறார்கள், குழியும் அந்த நாளில்தான் ஆளை வாங்குகிறது. பத்தாயிரம் கனஅடி என்று கேட்பவருக்கு அது நேற்று ஐயாயிரமா, இருபதாயிரமா என்று தெரியாவிட்டால் பாதிச் செய்தியே கிடைத்திருக்கிறது. உபரி நீர் திறக்கும்போது வருவாய்த் துறை கரையோர ஊர்களில் செய்யும் அறிவிப்பில் டிஎம்சியும் தீர்ப்பும் வராது. தண்ணீர் கூடப்போகிறது, ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு மேலே வாருங்கள், பிள்ளைகளை ஆற்றுக்கு விடாதீர்கள் என்பதுதான் அதன் செய்தி. குளிக்க வந்த வெளியூர்க்காரர் காதில் மட்டும் அது விழுவதில்லை. அவர் பார்த்துவிட்டு வந்தது காலைச் செய்தியின் எண்ணை.